கட்சி இல்லாத 417 ஊராட்சிகள்: மெக்சிகோவின் வஹாக்காவில் ஊர்த் தன்னாட்சி நடக்கும் விதம்

மெக்சிகோவின் தெற்கில் பசிபிக் கடலோரம் இருக்கும் வஹாக்கா மாநிலத்தில் 570 ஊராட்சிகள் உண்டு. நாடு முழுவதும் இருப்பவற்றில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்த ஒரு மாநிலத்தில். அவற்றில் 417இல் உள்ளாட்சித் தேர்தலில் கட்சிகளுக்கு இடமில்லை. சின்னம் கிடையாது, பிரச்சார வேன் கிடையாது, பல ஊர்களில் வாக்குச்சீட்டே கிடையாது. ஊர்ச்சபை கூடும், பெயர்களைச் சொல்வார்கள், பிறகு கை தூக்குவார்கள். சில ஊர்களில் ஒவ்வொருவராக எழுந்து போய்க் கரும்பலகையில் தனக்குப் பிடித்த பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார்கள். வேறு சில ஊர்களில் வேட்பாளருக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்பார்கள். எந்த முறை என்பது அந்தந்த ஊரின் முடிவு. ஊர் தன் விதிப்படி நடந்துகொண்டதா என்று பார்த்துச் சான்றளிப்பதோடு மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேலை முடிந்தது.

ஊர் கூடி முடிவெடுக்கிறது என்றதும் தமிழ் வாசகருக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று கிராமசபை, மற்றொன்று கட்டப்பஞ்சாயத்து. வஹாக்காவைப் படிக்கும்போது இரண்டையும் மனதில் வைத்திருப்பது நல்லது. அங்கே நடப்பதைச் சொர்க்கமாக எழுதுகிறவர்களும் காட்டுமிராண்டித்தனமாக எழுதுகிறவர்களும் ஆளுக்கொரு பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

இந்த ஏற்பாடு ஆதிகாலத்திலிருந்து அப்படியே வருகிறது என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். பாதிதான் உண்மை. ஊர்ச்சபையின் பதவிப் பெயர்களில் பெரும்பாலானவை ஸ்பானிய காலனி ஆட்சி கொண்டுவந்த நகராட்சி அமைப்பின் பெயர்கள். அங்குள்ள சப்போத்தெக், மிஷ்தெக், மிஹே பழங்குடி மக்கள் அதை உள்வாங்கித் தங்கள் வழக்கத்துக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நாட்டை ஆண்ட பி.ஆர்.ஐ. கட்சிக்கும் இது வசதியாக இருந்தது. ஊர் தன் ஆளைத் தன் சபையிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளும், பிறகு அந்தப் பெயர் பி.ஆர்.ஐ. வேட்பாளராகத் தாளில் ஏறி 'வெற்றி' பெறும். 1994 ஜனவரி 1 அன்று பக்கத்து மாநிலமான சியாப்பாஸில் சப்பாத்திஸ்தா என்ற பழங்குடி ஆயுத எழுச்சி வெடித்தது. மறுவருடமே வஹாக்கா தன் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, ஊர்வழக்கப்படி நடக்கும் தேர்தலுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. நல்லெண்ணமும் இருந்தது, எதிர்க்கட்சிகள் மலைக்குள் நுழைந்துவிடக் கூடாது என்ற கணக்கும் இருந்தது. 1998இல் பழங்குடி உரிமைக்கென்று மாநிலச் சட்டம் வந்தது. 2001இல் நாட்டின் அரசியலமைப்பு 2ஆம் பிரிவு திருத்தப்பட்டு, பழங்குடிச் சமூகங்களின் தன்னாட்சி உரிமை அதில் ஏறியது.

ஏன் இத்தனை சிறு சிறு ஊராட்சிகள்? முதல் காரணம் மலை. அடுத்தது மொழி. அரசின் மொழி நிறுவனம் 2008இல் வெளியிட்ட பட்டியலின்படி சப்போத்தெக்கில் மட்டும் 62 வகைகள், மிஷ்தெக்கில் 81. ஒரு பள்ளத்தாக்கில் பேசுவது அடுத்த பள்ளத்தாக்குக்காரருக்குப் புரியாமல் போவது அங்கே சாதாரணம். ஒரு மாவட்டத்துக்கு ஒரே நிர்வாகம் என்று வைத்தால் கூட்டம் ஸ்பானிய மொழியில்தான் நடக்கும். ஊருக்கொரு சபை என்பதால்தான் அந்த மொழிகளில் இன்றும் கணக்கு வாசிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். இந்த ஊர்களில் வாக்குரிமை 18 வயது ஆனதும் தானாகக் கையில் வந்துவிடாது. உழைத்துச் சம்பாதிக்க வேண்டும். பள்ளியை முடித்த அல்லது கல்யாணமான இளைஞனின் பெயர் ஊர்ப் பதிவேட்டில் ஏறும். முதல் பொறுப்பு 'தோப்பில்'. கிட்டத்தட்ட நம் பழைய தலையாரி வேலைதான். ஊர் மன்றத்தில் இரவுக் காவல் இருப்பது, அழைப்பாணையை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது, திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, குடித்துவிட்டுத் தகராறு செய்கிறவரைக் கூட்டிவந்து ஒரு ராத்திரி பூட்டி வைப்பது எல்லாம் அவன் தலையில் விழும். பெரும்பாலும் ஓராண்டுக் காலம், சம்பளம் இல்லை. முடித்தவுடன் ஓரிரு ஆண்டு ஓய்வு. பிறகு பள்ளிக் குழு, குடிநீர்க் குழு, கோயில் விழாப் பொறுப்பு என்று ஏறி, ஊராட்சி உறுப்பினர் பதவிக்கு வர வேண்டும். அதற்கும் மேலே 'சிந்திக்கோ' என்ற பதவி. எல்லைத் தகராறு, சின்னக் குற்றங்கள், பொதுவேலைக்கு ஆள் திரட்டுவது ஆகியவை இவர் பொறுப்பு. உச்சியில் ஊராட்சித் தலைவர். பொது நிலத்தையும் காட்டையும் கவனிக்கும் குழு தனி. அது மத்திய நிலச் சட்டத்தின் கீழ் வருகிறது, பதவிக்காலம் 3 ஆண்டு. தலைவரோடு இந்தக் குழுவுக்கு உரசல் வருவது வாடிக்கை.

ஆக, ஊர்த் தலைவர் ஆகிறவர் ஐம்பதைத் தொட்டிருப்பார். ஊர்க் குடிநீர்க் குழாய் எங்கே ஒடுங்குகிறது, எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு பேசாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதுதான் முறையின் பலம். பலவீனமும் இங்கேயே இருக்கிறது. ஓராண்டு கூலியில்லாமல் நிற்க முடிகிறவர்தான் ஏணியில் ஏற முடியும். அந்தக் காசைச் சேர்க்கவே பலர் அமெரிக்காவுக்குப் போய் வேலை செய்துவிட்டு வந்து பொறுப்பேற்கிறார்கள். மத்திய மானியம் பெருகிய பிறகு, ஊராட்சித் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் படி கொடுக்கும் ஊர்களும் வந்துவிட்டன. படி வந்ததும் பதவிக்குப் போட்டி வந்தது. போட்டியோடு, மறைமுகமாக, கட்சிகளும் வந்தன.

பொறுப்போடு சேர்ந்து வருவது 'தெகியோ'. நம் குடிமராமத்துக்கு நெருங்கிய உறவு. வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். சாலை வெட்டுவது, குழாய் பதிப்பது, பள்ளிக்குக் கூரை போடுவது என்று வேலை நடக்கும். வராதவர் ஒருநாள் கூலியை அபராதமாகக் கட்டலாம், அல்லது பதிலாள் அனுப்பலாம். இந்த உழைப்பை ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வரியாகவே கணக்கில் கொள்ளலாம் என்று மாநில அரசியலமைப்பே சொல்கிறது.

பதிவேட்டில் பெயர், செய்த பொறுப்புகள், போட்ட தெகியோ மூன்றும் சேர்ந்தால்தான் சபையில் குரல். பொது நிலத்தில் பங்கு, தண்ணீர், சில ஊர்களில் சுடுகாட்டில் இடம்கூட இதையொட்டித்தான். இந்தக் கணக்கில் வராதவர்கள் நிலை என்ன என்று கேட்டால், தனிமனிதச் சுதந்திரமும் ஊர்ச் சுதந்திரமும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கின்றன என்பது தெரிந்துவிடும்.

முதலில் குக்கிராமங்கள். ஓர் ஊராட்சிக்குள் தலைமை ஊர் ஒன்று இருக்கும், அதைச் சுற்றிப் பல சிற்றூர்கள் இருக்கும். சிற்றூருக்குத் தன் சபை, தன் முகவர். தலைமை ஊரின் வாதம் நேர்மையானது: "உங்கள் முகவரைத் தேர்ந்தெடுக்க நாங்கள் வருவதில்லை, எங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்க நீங்கள் ஏன் வருகிறீர்கள்?" பணம் வராத காலத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. 1990களின் பின்பாதியில் மத்திய அரசின் உள்கட்டமைப்பு மானியம் நேரடியாக ஊராட்சிகளுக்கு வரத் தொடங்கியது. அது போய்ச் சேர்ந்தது தலைமை ஊரின் கையில். சிற்றூர்கள் வாக்கு கேட்டன, நீதிமன்றம் போயின. அனைவருக்கும் வாக்கு என்ற கொள்கையை ஊர்வழக்கம் மீற முடியாது என்று மத்திய தேர்தல் நீதிமன்றம் தேர்தல் பலவற்றை ரத்து செய்தது. ரத்தானால் மறுதேர்தல் வரை மாநில அரசு நியமிக்கும் நிர்வாகி வந்து உட்காருவார். தன்னாட்சியைக் காக்கப் போன வழக்கு தன்னாட்சி இல்லாத ஓராண்டில் போய் முடியும். வாக்கைப் பங்கிடுவதைவிடப் பணத்தைப் பங்கிடுவதே சரியான மருந்து என்பது நம் கருத்து. மிச்சோவாகான் மாநிலத்தின் பிச்சாத்தரோ என்ற பூரேபெச்சா பழங்குடி ஊர் 2016இல் அந்த வழியில்தான் வென்றது. மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை ஊரே நேரடியாகப் பெற்றுச் செலவிடலாம் என்று அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

அடுத்து பெண்கள். 2007 நவம்பரில் சாந்த்தா மரியா கியேகோலானி என்ற ஊரில் எவுஃப்ரோசினா குரூஸ் என்ற சப்போத்தெக் பெண் தலைவர் பதவிக்கு நின்றார். அவருக்கு விழுந்த வாக்குகளைச் செல்லாது என்று ஊர்ப் பெரியவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பெண் என்பது காரணம், படித்து வெளியே வேலை பார்க்கிறவர் என்பது கூடுதல் காரணம். அவர் விடவில்லை. மாநிலத்திலும் தலைநகரிலும் ஐ.நா. வரையிலும் பேசினார். பிறகு மாநிலச் சட்டமன்றத்துக்கே தலைமை தாங்கினார், அந்த இடத்துக்கு வந்த முதல் பழங்குடிப் பெண் அவர். ஆனால் அங்கே போனது ஒரு கட்சியின் வழியாக. கட்சியே வேண்டாம் என்ற ஊர் தன் மகளைக் கட்சியிடம் துரத்திவிட்ட கதை இது. 2015இல் அரசியலமைப்பின் 2ஆம் பிரிவில், ஊர்வழக்கத் தேர்தலிலும் ஆணும் பெண்ணும் சமமாக வாக்களிக்கவும் தேர்ந்தெடுக்கப்படவும் உரிமை உண்டு என்று எழுதிச் சேர்த்தார்கள். 2020இல் மாநிலச் சட்டம், 2023க்குள் ஊராட்சி மன்றங்களில் ஆண் பெண் சமநிலை படிப்படியாக வர வேண்டும் என்று கெடு வைத்தது.

கெடுவுக்காகச் செய்வதில் ஏமாற்றுக்கும் வழி உண்டு. சுகாதாரம், கல்வி உறுப்பினர் இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, தலைவரையும் சிந்திக்கோவையும் ஆண்களிடமே வைத்துக்கொள்வது அதில் ஒன்று. ஆழமான சிக்கல் பதிவேட்டில்தான் இருக்கிறது. சத்துணவுச் சமையல், மருந்தகக் குழு, பள்ளித் துப்புரவு என்று பெண்கள் காலங்காலமாகச் செய்த வேலை ஏணியின் படியாக எண்ணப்பட்டதே இல்லை. கணவன் கலிபோர்னியாவில் இருக்க, அவன் பெயரில் மனைவி பொறுப்பைச் செய்து முடிப்பாள். வரவு அவன் கணக்கில் எழுதப்படும். பெண்கள் செய்வதையும் பொறுப்பாகப் பதிவு செய்த ஊர்களில், பெண் தலைவராவதற்கு நீதிமன்றம் தேவைப்படாது.

மதம் மாறியவர்கள் விஷயம் கரடுமுரடானது. புராட்டஸ்தாந்து சபைகளில் சேர்ந்தவர்கள் புனிதர் திருவிழாவுக்குக் காசும் வேலையும் தர மாட்டோம் என்கிறார்கள். விழாவும் ஊர் நிர்வாகமும் ஒரே ஏணியில் இருப்பதால், மறுப்பது ஊரையே மறுப்பதாகிறது. தண்ணீரை வெட்டுவது, ஊரை விட்டு விரட்டுவது வரை போயிருக்கிறது. அது அப்பட்டமான உரிமை மீறல்தான், வழக்கம் என்ற பெயரில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. சமரசம் கண்ட ஊர்களும் இருக்கின்றன. கோயில் பொறுப்புக்கு ஈடாகப் பள்ளி அல்லது குடிநீர்க் குழுவில் கூடுதல் ஆண்டு வேலை செய்தால் போதும் என்று அங்கே விதியை மாற்றிக்கொண்டார்கள்.

கடைசியாக, ஊரை விட்டுப் போனவர்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் சப்போத்தெக் பேசும் பேட்டைகளே உண்டு. யாலாலாக் போன்ற ஊர்க்காரர்கள் அங்கே விழா எடுக்கிறார்கள், பித்தளை இசைக்குழு வைத்திருக்கிறார்கள், பணம் திரட்டி ஊருக்கு அனுப்புகிறார்கள். ஆனால் சபை ஒருவரைப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவர் திரும்பி வந்தாக வேண்டும். அமெரிக்காவில் ஆவணமில்லாமல் இருப்பவர் வந்தால், மறுபடி எல்லை தாண்டுவதற்கு ஆயிரக்கணக்கான டாலரும் உயிர்ப் பயமும். வராவிட்டால் நிலப் பங்கு போய்விடும். சில ஊர்கள் பதிலாளுக்கு ஓராண்டுக் கூலி கட்டச் சொல்கின்றன, சில தவணை கொடுக்கின்றன, சில ஊர்கள் மசிவதே இல்லை. பிடிவாதமாக இருந்த ஊர்களில் இளைஞர்கள் உறவை அறுத்துக்கொண்டார்கள், ஏணியில் ஏற ஆள் குறைந்தது. இங்கே செல்போனும் இணையமும் உண்மையில் எதையோ மாற்றின. பேச முடிந்தால் பேரம் பேச முடியும். சபை என்ன முடிவெடுத்தது என்று அன்றைக்கே தெரிந்தால் அதற்கு மறுமொழி சொல்ல முடியும்.

ஆனால் அந்த ஊர்களுக்குப் பெரிய நிறுவனங்கள் வர மறுத்தன. சியெர்ரா ஹுவாரெஸ் மலையில் தலேயா தே காஸ்த்ரோ என்று சுமார் 2,500 பேர் வாழும் ஊர். 10,000 வாடிக்கையாளராவது வேண்டும் என்று அவர்களுக்குப் பதில் வந்தது. ஆகவே 2013இல் ரைசோமாட்டிக்கா என்ற அமைப்பின் துணையோடு ஊரே ஒரு செல்போன் வலையை நிறுவியது. கருவிச் செலவு சுமார் 4 லட்சம் பெசோ. அழைப்புகளை இணைத்துவிடும் பாதைமாற்றியும் அழைப்புக் கணக்கும் திறந்தமூல மென்பொருளில் ஓடும் ஒரு சிறு கணினி, ஒரு 2ஜி அலைபரப்பி, கூரைமேல் ஆன்டெனா, பக்கத்து ஊரிலிருந்து வரும் கம்பியில்லா இணைய இணைப்பு, அவ்வளவுதான்.

இது வேலை செய்யும் விதம் கவனிக்கத்தக்கது. பூட்டில்லாத எந்தக் கைபேசியும், எந்த நிறுவனத்தின் சிம்மும் போதும். பொறுப்பாளரிடம் போய்ப் பதிந்தால் 5 இலக்க ஊர் எண் கிடைக்கும். ஊருக்குள் அழைப்பு இலவசம். வெளியூர், அமெரிக்க அழைப்புகள் இணையம் வழியாகப் போகும், நிமிடத்துக்குச் சில காசு. வெளியிலிருந்து அழைப்பவர் நகரத்து எண் ஒன்றை அழைத்து, கேட்கும் குரலுக்குப் பின் ஊர் எண்ணை அழுத்த வேண்டும். பாதைமாற்றி ஊரிலேயே இருப்பதால், இணைப்பு அறுந்தாலும் உள்ளூர் அழைப்பு தொடரும். மழைக்காலத்தில் இது பெரிய விஷயம்.

குறைகளும் அதே அமைப்பில்தான். 2ஜியில் ஓர் அலைவரிசைக்கு 8 நேரக்கூறுகள், பேசும் ஒருவருக்கு ஒன்று வேண்டும், அவற்றில் ஒன்றிரண்டு சமிக்ஞைக்குப் போய்விடும். இரண்டு அலைவரிசை வைத்தாலும் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் பேச முடியும். அதனால் தலேயாவில் ஓர் அழைப்புக்கு 5 நிமிட வரம்பு வைத்தார்கள். மலையில் இடியும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் அலைபரப்பியைக் கொன்றுவிடும், நல்ல நிலத்தொடுப்பும் மின்காப்பும் இல்லாமல் பொருத்தினால் முதல் மழையிலேயே செலவு. குழு ஆண்டுக்கொருமுறை மாறுவதால், பயிற்சி எடுத்தவர் கற்றதோடு போய்விடுவார். குழு மாறினாலும் கருவியைப் பார்ப்பவர் மாறாமல் சிறு ஊதியத்தோடு வைத்துக்கொள்வதுதான் இதற்கு வழி. யாரும் அதிகம் பேசாத ஒன்றும் உண்டு. யார் யாரை எப்போது அழைத்தார்கள் என்ற பதிவு ஊர்க் கணினியில் இருக்கிறது, அதைத் திறக்கக்கூடியவர் அடுத்த வீட்டுக்காரர். தொலைதூர நிறுவனத்தைவிட இது அந்தரங்கத்துக்குச் சில சமயம் கூடுதல் ஆபத்து. பதிவைப் பார்க்க யாருக்கு அனுமதி, எத்தனை நாள் வைப்பது என்பதைச் சபை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும்.

2014இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் பழங்குடிச் சமூகங்களுக்கென்று ஓர் உரிம வகையை உருவாக்கியது. 2016 ஜூலையில், ஊர்கள் சேர்ந்து நடத்தும் 'பழங்குடிச் சமூகத் தொலைத்தொடர்பு' சங்கத்துக்கு 15 ஆண்டு உரிமம் கிடைத்தது. வஹாக்கா, சியாப்பாஸ், குவெரேரோ, புவேப்லா, வெராக்ரூஸ் ஆகிய ஐந்து மாநிலங்களுக்கு அது செல்லும். சேர விரும்பும் ஊர் முதலில் சபையைக் கூட்டி, தீர்மானத்தைக் கையெழுத்தும் முத்திரையுமாக அனுப்ப வேண்டும். தலைவர் மட்டும் கேட்டால் ஏற்பதில்லை. கருவியை ஊரே வாங்கி ஊரே வைத்துக்கொள்ளும், கம்பம் நடுவது தெகியோவில் முடியும். சந்தா மாதம் 40 பெசோ என்று வைத்தார்கள். 25 ஊருக்கு, 15 சங்கத்துக்கு. கட்டாதவரின் எண் தானாக நின்றுவிடும்.

உரிமம் கொடுத்த கையோடு, அலைவரிசைக் கட்டணம் என்று சுமார் 10 லட்சம் பெசோவுக்கு அரசிடமிருந்து கணக்கும் வந்தது. லாபமில்லாத சங்கத்தைத் தொழில் நிறுவனம் போல நடத்த முடியாது என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. வழிகாட்டிய தலேயாவோ இந்தக் கூட்டமைப்பிலிருந்து விலகித் தனியாக நடத்திப் பார்த்தது. பிறகு ஒரு பெரிய நிறுவனத்தின் சேவை ஊருக்குள் வந்ததும் அதன் சொந்த வலை தாக்குப்பிடிக்கவில்லை. வராதவர்கள், யாரோ வழி போட்டுக் காட்டிய பிறகு வந்தார்கள். மற்ற ஊர்களிலும் வாட்ஸ்அப் பரவியதும், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டுமே தரும் 2ஜிக்கு மவுசு குறைந்தது. அதன்மேல் இணையத்தை எப்படிச் சேர்ப்பது, சந்தாவை எவ்வளவு உயர்த்துவது என்பதுதான் இப்போது சபைகளில் ஓடும் விவாதம். உரிமக் காலம் 2031இல் முடிகிறது. அதைக் கொடுத்த தொலைத்தொடர்பு ஆணையம் 2025இல் கலைக்கப்பட்டுவிட்டதால், புதுப்பிக்கும் மனு புதிய ஆணையத்தின் மேசைக்குத்தான் போக வேண்டும்.